வெளிநாட்டுப் பள்ளி ஒப்பந்தத்தில் பீரியட் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போகும் நம் ஆசிரியர்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால், அது பெரும்பாலும் சம்பள பாக்கி, பிடுங்கி வைத்த பாஸ்போர்ட், போலி ஏஜென்ட் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றும் குற்றம். புகார் கொடுக்க இடம் இருக்கிறது. எங்கே போய்ச் சொல்வது என்றே தெரியாத தொல்லை ஒன்றும் உண்டு. சம்பளம் தேதி தவறாமல் வரும், விசாவிலும் குறை இருக்காது. ஆனால் கணக்குப் பாடம் எடுக்கப் போனவர் காலையில் பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருப்பார். மதியம் லீவில் இருப்பவரின் வகுப்பைப் பார்ப்பார். மாலையில் அட்மிஷனுக்காகப் பெற்றோருக்குப் போன் போடுவார். சனிக்கிழமை, பெற்றோர் பள்ளிக்கு வரும் ஓப்பன் ஹவுஸில் பலூன் கட்டுவார். கேட்டால், "ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று பதில் வரும். எடுத்துப் பார்த்தால், போட்டுத்தான் இருக்கிறார்.

சென்னையிலிருந்து வளைகுடா, மாலத்தீவு, கிழக்காசியா, இங்கிலாந்து என்று போகிறவர்களின் ஒப்பந்தங்களைப் புறப்படும் முன் வாசித்துச் சொல்லும் வேலையை நாங்கள் சிலர் செய்துவருகிறோம். இந்தக் கூடுதல் வேலைகளில் பெரும்பங்கு ஒப்பந்தத்தை மீறி நடப்பதில்லை என்பதுதான் எங்கள் கருத்து. ஒப்பந்தமே அதற்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அந்தக் கதவு எங்கே இருக்கிறது, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் முன் அதை எப்படிச் சாத்துவது, அரசு செய்யாமல் விட்டது என்ன என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதல் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்த வாசகம்தான். பாடம் நடத்துதல், தேர்வு நடத்துதல், திருத்துதல் என்று மூன்று வரி இருக்கும். நாலாவது வரியில் "பள்ளி முதல்வர் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்" என்று இருக்கும். உலகத்தில் எந்தப் பள்ளியும் இந்த வரியை எடுக்க ஒத்துக்கொள்ளாது, எடுக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதிலும் பயனில்லை. அதோடு இரண்டு சொற்றொடர் சேர்க்கக் கேட்கலாம்: கற்பித்தலோடு தொடர்புடைய பிற பணிகள், கீழே உள்ள வார நேர வரம்புக்குள். இதற்குப் பல பள்ளிகள் சம்மதிக்கின்றன. இரண்டாவது ஓட்டை அவ்வளவாகக் கண்ணில் படாது. பள்ளியின் ஊழியர் கையேடு இந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, அது அவ்வப்போது திருத்தப்படலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். அந்தக் கையேட்டை யாரும் சென்னைக்கு அனுப்புவதில்லை. அங்கே போய் இறங்கிய முதல் வாரத்தில் ஒரு பதிவேட்டில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குவார்கள். டியூட்டி பட்டியல், சப்ஸ்டிட்யூஷன் (லீவில் இருப்பவரின் வகுப்பைப் பார்ப்பது) விதி, விடுமுறை நாள் வேலை எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஆகவே கையேட்டை முன்கூட்டியே பிடிஎஃப் ஆக வாங்கிப் படித்துவிட்டு, எந்தத் தேதியிட்ட கையேடு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. ஒப்பந்தத்தில் பீரியட் எண்ணிக்கை இருக்கும், மணிக்கணக்கு இருக்காது. அல்லது மணிக்கணக்கு இருக்கும், பீரியட் இருக்காது. வாரத்துக்கு 28 பீரியட், ஒரு பீரியட் 45 நிமிடம் என்றால் 21 மணி நேரம். சொல்லும்போது லேசாகத் தெரிகிறது. இப்போது மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். வாரம் 5 சப்ஸ்டிட்யூஷன் என்றால் 3 மணி 45 நிமிடம். தினமும் அரை மணி பஸ் டியூட்டி, ஐந்து நாளுக்கு இரண்டரை மணி. 20 நிமிட பிரேக் டியூட்டி, ஐந்து நாளுக்கு 1 மணி 40 நிமிடம். ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 28 பிள்ளைகள் என்றால் 140 நோட்டு. ஒரு நோட்டுக்கு மூன்றே நிமிடம் வைத்தாலும் 7 மணி. ஒரே பாடத்தைப் பல செக்‌ஷனுக்கு எடுப்பதால் லெசன் பிளான் 12 போதும், அதற்கு அரை மணி வீதம் 6 மணி. பெற்றோர் மெசேஜுக்குப் பதில், மதிப்பெண் பதிவேற்றம் என்று தினம் அரை மணி, வாரத்துக்கு இரண்டரை. ஸ்டாஃப் மீட்டிங் ஒன்றரை. எல்லாம் சேர்ந்து 45 மணி 55 நிமிடம். இதில் ஆனுவல் டே ஒத்திகை இல்லை, ரெமெடியல் வகுப்பு இல்லை, இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் இல்லை. சனிக்கிழமை காலை ஐந்து மணி நேரம் வரச் சொன்னால் 51-ஐ நெருங்குகிறது.

இந்தக் கணக்கை ஐக்கிய அரபு அமீரகச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் உள்ள அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் நாளுக்கு 2 மணி வரைதான் ஓவர்டைம் வாங்கலாம், மூன்று வாரத்தில் மொத்தம் 144 மணியைத் தாண்டக் கூடாது. ஓவர்டைம் மணிக்கு பேசிக் சம்பளத்தோடு குறைந்தது 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் அதிகாலை 4 வரை என்றால் 50 சதவீதம். வார ஓய்வு நாளில் கூப்பிட்டால் மாற்று ஓய்வு நாள், இல்லாவிட்டால் அன்றைய கூலியோடு 50 சதவீதம். ரமலான் மாதத்தில் நாளுக்கு 2 மணி குறைக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே கூட்டிய 46 மணி நேரம் 48-க்குள் அடங்கிவிடுகிறது. அதில் வீட்டில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திய 7 மணியைப் பள்ளி வேலை நேரமாகவே கணக்கில் எடுக்காது. ஒப்பந்தத்தில் "வாரத்துக்கு 40 மணி" என்று எழுதியிருந்தால் 41-ஆவது மணி நேரத்திலிருந்து பேச்சு தொடங்கும். எழுதாவிட்டால் 49-ஆவது மணி நேரம் வரை பேச்சே இல்லை. சட்டம் கடைசி எல்லையைத்தான் காக்கும். அதற்கு முன்னால் உள்ள எட்டு மணி நேரத்தை ஒப்பந்தத்தில் உள்ள எண்தான் காக்க முடியும்.

ஓய்வு நாளிலும் இதே கதை. அமீரக அரசு அலுவலகங்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் வேலை. அதனால் தமக்கும் இரண்டு நாள் உறுதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தனியார் துறையில் சட்டம் கட்டாயப்படுத்துவது வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வுதான். ஒப்பந்தத்தில் ஒரு நாள் மட்டும் போட்டிருந்தால் சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸ் ஓய்வு நாள் வேலையே ஆகாது. இரண்டு கிழமைகளின் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பதவிப் பெயரிலும் ஒரு கண் வையுங்கள். "கோஆர்டினேட்டர்" என்று ஒரு பட்டம் கொடுத்து, மேற்பார்வைப் பதவியில் இருப்பவருக்கு வேலை நேர வரம்பு பொருந்தாது என்று சொல்வது வழக்கமாகிவருகிறது. அந்த விலக்கு, முதலாளிக்கு உள்ள அதிகாரம் கையில் இருக்கும் மேற்பார்வையாளருக்கு. நாலு பேருடைய லெசன் பிளானைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவருக்கு அது பொருந்தாது. பட்டத்தோடு அலவன்ஸ் எவ்வளவு, எத்தனை பீரியட் குறையும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சம்பளத்தைப் பிரித்து எழுதும் விதமும் கூடுதல் வேலையோடு சேர்ந்த விஷயம்தான். மொத்தம் 5,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். பேசிக் 2,500, மிச்சம் வீடு, போக்குவரத்து, "இதர" என்று எழுதினால் ஒரு மணி நேர ஓவர்டைம் சுமார் 13 திர்ஹம். பேசிக் 4,000 என்றால் அதே ஒரு மணிக்கு சுமார் 21. பணிக்கொடையும் பேசிக்கை வைத்துத்தான்: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக். மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒருவர் கையில் 5,250, இன்னொருவர் கையில் 8,400. கூடுதல் வேலை வாங்குவது பள்ளிக்கு எவ்வளவு மலிவு என்பதை இந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது. மொத்தச் சம்பளத்துக்காகப் பேரம் பேசுகிறவர்கள் பேசிக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை.

அமீரகத்தில் ஒரு வசதி இருக்கிறது, தமிழர்களே அதிகம் பயன்படுத்துவதில்லை. அந்த நாட்டு மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரும் ஒப்பந்தமும் அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தொழிலாளி அறிந்த ஒரு மொழியிலும் வரலாம், அந்தப் பட்டியலில் தமிழ் உண்டு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு எதற்கு என்று தோன்றும். வீட்டில் அப்பாவோ கணவரோ மனைவியோ உட்கார்ந்து படித்து ஒரு கேள்வி கேட்பதற்கு அது உதவும். மொழிகளுக்குள் முரண்பாடு வந்தால் அரபிப் பிரதியே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். தி.நகரிலோ அண்ணா நகரிலோ கன்சல்டன்சி கொடுத்த ஆஃபர் லெட்டர் ஒன்று, அமைச்சகத்தில் பதிவான ஆஃபர் இன்னொன்று என்று இருந்தால் செல்லுபடி ஆவது பதிவானதுதான். எனவே அமைச்சக ஆஃபரின் எண்ணை வாங்கி, அதன் இணையதளத்திலோ செயலியிலோ சரிபார்த்த பிறகே வேலையை ராஜினாமா செய்யுங்கள்.

மாலத்தீவுக்குப் போகிறவர்களில் நம் தென்மாவட்டத்தவர் நிறைய. அங்கே 2008-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் மணிக்கு ஒன்றேகால் மடங்கு, வெள்ளிக்கிழமையும் பொது விடுமுறையும் என்றால் ஒன்றரை மடங்கு. சிறு தீவில் ஆசிரியர் குடியிருப்பும் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஓ லெவல் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் எடுங்கள் என்றால் "வீடு பக்கத்தில்தானே" என்ற ஒரே காரணத்தால் மறுக்க முடியாமல் போகிறது. இதை இலவச வகுப்பாகத் தொடங்கிவிட்டால் அடுத்த மாதம் அது டைம்டேபிளில் ஏறிவிடும். முதல் வாரத்திலேயே இது ஓவர்டைமா, அல்லது காலைப் பீரியட் ஒன்றைக் குறைப்பீர்களா என்று எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. தகராறு முற்றினால் அங்கே வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது.

தங்கும் இடம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருந்தால் எந்த நாடானாலும் ஒரு கேள்வி கட்டாயம்: இரவில் விடுதியைப் பார்த்துக்கொள்வது யார்? இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள்தான். பெண் ஆசிரியர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. வார்டன் டியூட்டி வாரத்துக்கு எத்தனை இரவு, மறுநாள் முதல் பீரியட் விலக்கு உண்டா என்பதையும் எழுத வேண்டும்.

கிழக்கே போகிறவர்களுக்குச் சில விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தென்கொரிய அரசுப் பள்ளி ஒப்பந்தம் எண்களில் தெளிவானது. வாரத்துக்கு 40 மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் வகுப்பு 22 வரை, அதற்கு மேல் எடுத்தால் தனி ஊதியம். விடுமுறைக் கால ஆங்கில முகாம் ஒப்பந்தத்திலேயே இருக்கும், அதைக் கூடுதல் என்று புகார் சொல்ல முடியாது. இந்தியர்களுக்கு அந்த ஆங்கில ஆசிரியர் விசா, 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாகப் பள்ளி உதவி ஆசிரியர் வேலைக்குத் திறந்தது. தனியார் டியூஷன் நிலையமான ஹாக்வோனில் அதே விசாவில் வேலை என்று கோடம்பாக்கத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானில் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் இடைநிலை நிறுவனங்கள் தரும் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 29.5 மணி என்று ஒரு விசித்திரமான எண் வரும். முழுநேர வேலையின் முக்கால் பங்கு, அதாவது 30 மணி வந்துவிட்டால் மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டில் நிறுவனம் சேர்த்தாக வேண்டும். அதைத் தவிர்க்கவே இந்த அரை மணிக் குறைப்பு வந்தது; 2024 அக்டோபரிலிருந்து 51 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் வாரத்துக்கு 20 மணி வந்தாலே சேர்த்தாக வேண்டும். வகுப்புகளுக்கு இடையிலான பத்து நிமிடங்களை வேலை நேரமாக எண்ணாமல் விடுவதும் இதற்காகத்தான். உண்மையில் பள்ளியில் இருக்கும் நேரத்தைத் தினமும் குறித்துவைத்தால் பிறகு உதவும். சீனாவில் வேறு ஆபத்து. "எங்கள் இன்னொரு வளாகத்தில் மாலையில் இரண்டு வகுப்பு" என்று அனுப்புவார்கள். பணி அனுமதிச் சான்றில் அந்த இடமும் நிறுவனமும் இல்லையென்றால் அது சட்டவிரோத வேலை. 2013-இல் அமலான குடிவரவுச் சட்டத்தில் அதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையானால் தடுப்புக்காவலும் உண்டு. அனுப்பியது பள்ளி என்றாலும் அபராதம் ஆசிரியர் தலையிலும் விழும். கிளைப் பள்ளி வேலையை மட்டும் எந்த நாட்டிலும் வாய்மொழியாக ஏற்காதீர்கள்.

எண்ணில் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல எடுத்துக்காட்டு. அங்கே உள்ளாட்சி நிர்வாகப் பள்ளிகளில் முழுநேர ஆசிரியர் ஆண்டுக்கு 195 நாள், 1,265 மணி நேரம் தலைமை ஆசிரியர் சொல்லும் பணிக்கு வர வேண்டும். நாளுக்குச் சுமார் ஆறரை மணி. டைம்டேபிளில் உள்ள கற்பித்தல் நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் தயாரிப்புக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்க வேண்டும், அந்த நேரத்தில் இன்னொருவர் வகுப்புக்கு அனுப்பக் கூடாது. இதற்கு வெளியேயும் பணிக்குத் தேவையான "நியாயமான கூடுதல் நேரம்" என்று ஒரு வாசகம் இருக்கத்தான் செய்கிறது, அங்குள்ள ஆசிரியர்களும் இரவில் நோட்டுத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒத்திகை, மீட்டிங், பெற்றோர் சந்திப்பு எல்லாம் அந்த 1,265-க்குள் வர வேண்டும் என்பதால், ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் தகுதி பெற்ற கணிதம், அறிவியல், மொழிப்பாட ஆசிரியர்கள் அங்கே ஆசிரியர் தகுதிநிலைக்கு (QTS) நேரடியாக விண்ணப்பிக்கலாம், 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க. அப்படிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளாட்சி நிர்வாகத்தில் இல்லாத அகாடமி வகைப் பள்ளிகள் இந்தத் தேசிய நிபந்தனைகளைப் பின்பற்றுகின்றனவா என்பது ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி, கையெழுத்துக்கு முன் என்ன செய்வது? நாங்கள் சொல்வது ஒரே ஒரு பக்க இணைப்பு. ஒப்பந்தத்தைத் திருத்தச் சொன்னால் பள்ளியின் சட்டப்பிரிவு, தலைமையகம் என்று இழுப்பார்கள். "பணி விவர இணைப்பு" என்று ஒரு தாளை நீங்களே தயாரித்து அனுப்பினால் எச்ஆர் மேலாளரே ஒப்புதல் தர முடியும். அதில் வாரத்துக்கு எத்தனை பீரியட், ஒரு பீரியட் எத்தனை நிமிடம், எத்தனை செக்‌ஷன், எந்த வகுப்புகள் என்று முதலில் இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை சப்ஸ்டிட்யூஷன் (மூன்று என்று கேட்டால் நாலில் முடியும்), டியூட்டி மொத்தம் எத்தனை நிமிடம், பள்ளிக்கு வரும் நேரம், போகும் நேரம், இரண்டு ஓய்வு நாள்களின் பெயர், ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை ஓய்வு நாள் நிகழ்ச்சி, அதற்கு மாற்று விடுப்பா பணமா என்பது. வேலை செய்யும் வளாகத்தின் முகவரி. ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் முதல் ஆண்டிலேயே உண்டா என்பதும் வேண்டும். வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால், ஏப்ரலில் சேர்ந்தவருக்கு மூன்றே மாதத்தில் கோடை விடுமுறை வந்துவிடும், அங்கேதான் வெட்டு விழும். நேரில் கையெழுத்து கிடைக்காவிட்டாலும், இந்தத் தாளை மின்னஞ்சலில் அனுப்பி, பள்ளியின் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிட்டால் போதும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியது கணக்கில் வராது.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டாம். "இரண்டு ஆண்டு முடிக்காமல் வந்தால்" என்று சொல்லி ஏஜென்ட் கேட்பார். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை நிரப்பிக்கொள்ள வைத்திருப்பவருக்கு நம் சட்டமே இடம் தருகிறது, பணம் இல்லாமல் திரும்பினால் வழக்கு சென்னையில் நடக்கும். கூடுதல் வேலைக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்கு இந்தக் காசோலைதான் காரணம், பள்ளி இல்லை. அமீரகச் சட்டப்படி ஆளெடுப்புச் செலவை ஊழியரிடம் வசூலிக்கவே கூடாது. அசல் பட்டச் சான்றிதழை "அமைச்சகச் சரிபார்ப்புக்கு" என்று கேட்டால் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள். அசல்தான் வேண்டும் என்றால் திருப்பித் தரும் தேதி போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். சான்றிதழ் அவர்களது பீரோவில் இருக்கும்வரை சனிக்கிழமையும் அவர்களுடையதுதான்.

போய்ச் சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது பதிவு. ஒரு சிறு நோட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம், எடுத்த பீரியட், சப்ஸ்டிட்யூஷன், டியூட்டி என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை டைம்டேபிளையும் சப்ஸ்டிட்யூஷன் சீட்டுகளையும் படம் எடுத்துச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். பள்ளி மின்னஞ்சல் கணக்கை ராஜினாமா கொடுத்த அன்றே மூடிவிடுவார்கள். பிள்ளைகள் பெயரோ முகமோ மதிப்பெண்ணோ அந்தப் படத்தில் வரக் கூடாது, வந்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். வாய்மொழியாகச் சொன்ன வேலையை அன்றே ஒரு மின்னஞ்சலாக்குங்கள்: இன்று காலை நீங்கள் சொன்னபடி வரும் சனிக்கிழமை 9 முதல் 2 வரை வருகிறேன், இதற்கான மாற்று விடுப்பை எந்த நாளில் எடுக்கலாம் என்று தெரிவிக்கவும். இதில் மறுப்பு இல்லை, சண்டை இல்லை, ஆனால் ஆதாரம் இருக்கிறது. பணிவாக ஒரு கேள்வி வந்தாலே அடுத்த முறை கூப்பிடும்முன் யோசிப்பார்கள். பள்ளியைப் பற்றி வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ எழுதிவிடாதீர்கள். வளைகுடாவில் இணையவழி அவதூறு குற்றவியல் வழக்கு. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். புகாரை அந்த நாட்டுத் தொழில் அமைச்சகத்தில் கொடுங்கள். அமீரகத்தில் 2024 ஜனவரியிலிருந்து 50,000 திர்ஹம் வரையுள்ள கோரிக்கைகளை அமைச்சகமே தீர்த்துவைக்கிறது. கூடவே நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதியுங்கள். எண்ணும் தேதியும் உள்ள நோட்டு இருந்தால் இரண்டும் நகரும்.

அரசுப் பள்ளியிலிருந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றலாம். இங்கே கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தயாரிப்பு நேரம் உள்பட வாரத்துக்கு 45 மணி என்று அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. இருந்தும் எமிஸ் என்ற கல்வித்துறைத் தகவல் தளத்தில் பதிவேற்றத்தில் உட்கார்ந்து பழகிய கைகள் நம்முடையவை. கேட்காமலே செய்யும் அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

அரசின் பங்குக்கு வருவோம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதி தருகிறது. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்தச் சோதனை தேவையில்லை. படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்ற எண்ணம். விளைவு, கொத்தனாரின் ஒப்பந்தம் மத்திய அரசின் இ-மைக்ரேட் என்ற குடிபெயர்வுத் தளத்தில் இருக்கும், பி.எட். படித்தவரின் ஒப்பந்தம் இந்தியாவில் எந்த அலுவலகத்திலும் இருக்காது. நர்சுகளுக்கு இந்த ஓட்டையை அரசே 2015-இல் அடைத்தது. பட்டதாரியானாலும் அந்த 18 நாடுகளுக்குப் போக அனுமதி வேண்டும், ஆளெடுப்பு அரசு நிறுவனங்கள் வழியே என்று விதி வந்தது. அந்த நிறுவனங்களில் நம் மாநிலத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஒன்று. ஆசிரியர்களுக்கு ஏன் கூடாது? பக்கத்து வகுப்பறையில் பாடம் எடுக்கும் பிலிப்பைன்ஸ் ஆசிரியரின் ஒப்பந்தத்தை அவருடைய அரசு சரிபார்த்த பிறகே அவர் நாட்டை விட்டுக் கிளம்ப முடியும். நம்மவருக்கு அந்தக் காகிதம் கிடையாது.

2018 நவம்பரில் மத்திய அரசு, சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட் உள்ளவர்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் கட்டாயம் பதிய வேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அதே மாதமே நிறுத்திவைத்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பதியாவிட்டால் விமான நிலையத்தில் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். நாங்கள் கேட்பது அதை இல்லை. பயணத்தைத் தடுக்க வேண்டாம். ஆசிரியர் ஒப்பந்தத்தை மட்டும் பதிவேற்றச் சொல்லுங்கள், வார மணி நேரம், ஓய்வு நாள், வளாக முகவரி ஆகிய மூன்று கட்டங்கள் காலியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை காட்டட்டும். 1983 சட்டத்துக்குப் பதிலாக 2021-இலும் 2025-இலும் வரைவுகள் பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டன. ஆசிரியர் சங்கங்கள் இதில் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. மாநில அளவில் இதைவிடச் சுலபமான வேலை ஒன்று உண்டு: சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகமும் கிண்டியில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சேர்ந்து, மேலே சொன்ன ஒரு பக்க இணைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து இணையத்தில் போட வேண்டும். அரசு முத்திரையோடு ஒரு மாதிரிப் படிவம் இருந்தால் ஆசிரியர் தனியாக நின்று பேரம் பேச வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. கல்வி ஆலோசனை மையம் என்ற பெயர்ப் பலகையோடு ஆசிரியர் வேலைக்கு ஆள் பிடிக்கும் பல இடங்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. "வெளிநாட்டுப் பள்ளிக்கு ஆசிரியர்கள் தேவை" என்று வரும் வரிவிளம்பரத்தை வாங்கும் கவுன்டரிலேயே பதிவு எண்ணைக் கேட்டு, விளம்பரத்தோடு சேர்த்து அச்சிடுங்கள். வாரத்துக்கு எத்தனை பீரியட் என்பதையும் ஒரு வரியாகக் கேட்டு வாங்கிப் போட்டால், விண்ணப்பிக்கும் முன்பே பாதிப் பேர் சரியான கேள்வியோடு போன் செய்வார்கள்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பணி ஒப்பந்தங்களை வாசித்து ஆலோசனை சொல்லும் நண்பர்கள் சிலர்,
சென்னை.